முள்ளெலிகளுக்குச் சோறு போட்டவர்

“உறைபெட்டிக்குள்ளை இருந்த தேங்காய்ப்பூவை ஆர் எடுத்தது?”

அருட்பிரகாசம் இந்தக் கேள்வியைக் குசினிக்குள் நின்று கேட்டார். வீட்டில் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். மனைவி கலாவதி, தொலைக்காட்சியில் யாரோ யாருக்கோ பாலில் விஷம் கலப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் சேந்தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பல்கலைக்கழகப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் வீட்டில் நம்பப்பட்டது.

கதவைத் திறந்து பார்த்தபோது உறைந்த தேங்காய்ப்பூப் பக்கற் மகனுடைய வீங்கிய முழங்காலில் இருந்தது. கலாவதியின் கோயில் சால்வையால் இறுக்கிக் கட்டப்பட்டு, உருகி, கட்டில் விரிப்பில் முதற்பால் விட்டுக்கொண்டிருந்தது.

“என்னடா இது?”

“ரியன்,” என்றான் சேந்தன். ஒன்றுமில்லை என்பதற்குப் பிரெஞ்சு. அந்த வீட்டில் தகப்பன் தமிழில் கேட்பார், மகன் பிரெஞ்சில் ஒன்றுமில்லை என்பான். இருபது வருடக் குடும்ப உரையாடலில் பெரும்பகுதி இதுதான்.

“ஒண்டுமில்லாததுக்கோ ஒரு பக்கற் தேங்காய்ப்பூ?”

சேந்தன் உண்மையைச் சொன்னான். அவனுடைய பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் புட்போல் அணி ஒன்று இருந்தது. பெயர் முள்ளெலிகள். சேந்தன் போன மாதத்திலிருந்து ஒரு முள்ளெலி.

“அதிலை நீ என்ன செய்யிறாய்? பந்தைக் கொண்டு ஓடுறியோ?”

“நான் பந்தைத் தொடுறதில்லை.”

“பேந்து?”

“முன்னுக்கு நிண்டு வாறவங்களை மறிக்கிறது.”

“வாறவங்கள் என்ன செய்வாங்கள்?”

“இடிப்பாங்கள்.”

“பந்தை வச்சிருக்கிறவன் எங்கை நிப்பான்?”

“எனக்குப் பின்னாலை.”

“அவன் ஆர், தமிழ்ப் பெடியனோ?”

“இல்லை, பிரெஞ்சுப் பெடியன்.”

“அதுதானே பாத்தன்,” என்றார் அருட்பிரகாசம்.

வேறொரு தகப்பன் என்றால் அந்த இடத்திலேயே ‘வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார். அருட்பிரகாசத்தால் முடியாது. போன வருடம் சேந்தன் மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்றபோது அவர் ‘வேண்டாம்’ என்று உரத்துச் சொல்லிவிட்டார். பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு லா கூர்னெவில் ஒரு சிநேகிதனுடைய வீட்டுக்குப் போய்விட்டான். அவனைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று கலாவதி பிள்ளையார் கோயில் வாசலில் வைத்தே கணவனிடம் சத்தியம் வாங்கினாள்.

“இனி பிள்ளையைப் பாத்து ‘வேண்டாம்’ எண்டு ஒரு சொல்லு வந்துதோ, நான் அக்காவிட்டை லண்டனுக்குப் போயிடுவன். பேந்து நீங்களும் உங்கடை கடை றோல்ஸும்தான்.”

ஆகவே இப்போது அருட்பிரகாசம் வாயைத் திறந்தார், மூடினார், கதவையும் மூடினார். ஆனால் அன்றிரவு அவருக்கு அந்த முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது. இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கழுத்து. பிள்ளையை முழுதாக அந்த மைதானத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். எப்படி?

வழியைக் கலாவதிதான் அறியாமல் திறந்துவிட்டாள்.

“இவங்கள் இன்னும் ஒரு மாட்சும் வெல்லேல்லையாம். போன சனி நாப்பத்தெட்டுக்குப் பூச்சியமாம். வருசம் முடிய ஒண்டிலையெண்டாலும் வெல்லாட்டி அணியை மூடிப்போடுவினமாம். பிள்ளை சொன்னவன்.”

அருட்பிரகாசத்தின் முகம் கார்த்திகை விளக்கீட்டு வீடு போல் ஒளிர்ந்தது.

“அப்ப அவங்கள் தோத்தாச் சரி!”

“அவங்கள் தங்கடை பாட்டிலை தோக்கிறாங்கள்தானே. நீங்கள் ஏன் துள்ளுறியள்?”

அருட்பிரகாசம் அதிர்ஷ்டத்தை நம்பித் தொழில் செய்கிறவரல்ல. தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் ‘அருள் சுவையகம்’ என்ற அவருடைய கடை வடை, றோல்ஸ், கட்லற், கொத்துரொட்டி என்று நிலைத்து நின்றது திட்டத்தால் என்று அவர் நம்பினார். எதிர்க்கடை யோகநாதன் அது மெற்றோ வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் என்று நம்பினார்.

“கலா, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக்கறியோடை சோறு திண்டுட்டு எழும்பி ஓடின ஒரு மனுசனை நீர் கண்டிருக்கிறீரோ?”

“நீங்கள் கதிரையிலையிருந்து எழும்பினதையே நான் காணேல்லை.”

“அதுதான்! மாட்சுக்கு முன்னம் அவங்களுக்கு நான் சாப்பாடு குடுக்கப்போறன். வயிறு முட்ட. திண்டவன் அங்கையே சரிவான்.”

கலாவதி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் அப்படிச் செய்வது அரிது.

“விசரே உங்களுக்கு? ‘தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு, விட்டிடடா’ எண்டு பிள்ளையோடை நேரை ஒருக்காக் கதைக்கலாமே?”

“தகப்பனும் மகனும் நேரை கதைக்கிறதோ? நாங்கள் என்ன பிரெஞ்சுக்காரரே?”

கலாவதி மறுபடி சத்தத்தைக் கூட்டினாள். தொலைக்காட்சியில் விஷப்பாலைக் குடித்தவர் பிழைத்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலை சேந்தன் நொண்டிக்கொண்டு குசினிக்கு வந்தான். கோப்பியைக் கையில் எடுத்தான், வைத்தான்.

“அப்பா, இந்த புட்போல் விசயம்... நான் ஒண்டு யோசிச்சனான்...”

“நீ ஒண்டும் யோசிக்காதை!” அருட்பிரகாசம் மகனின் முதுகில் தட்டினார். தட்டுவது பழக்கமில்லாததால் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார். “விளையாடு. ஆம்பிளைப் பிள்ளை எண்டால் விளையாடத்தானே வேணும். சனிக்கிழமை உங்கடை அணிக்கு முழுக்கச் சாப்பாடு என்ரை பொறுப்பு.”

சேந்தன் தகப்பனை உற்றுப் பார்த்தான். தகப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய மூளையை நினைத்து அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

“நீங்களோ? எங்களுக்கோ?”

“நான்தான்.”

“மெர்சி, அப்பா,” என்றான் பிள்ளை மெதுவாக, கோப்பியைக் குடிக்க மறந்து.

சனிக்கிழமை லா கூர்னெவுக்கு அப்பாலுள்ள மைதானத்துக்குப் பெரிய சட்டிகளில் சோறும், ஆட்டிறைச்சிக்கறியும், கத்தரிக்காய்க் குழம்பும், அவித்த முட்டையும் போயின. அருட்பிரகாசம் கடையில் நின்றபடி முள்ளெலிகள் புல்லில் சுருண்டு நித்திரை கொள்வதைக் கற்பனை செய்துகொண்டு வடை தட்டினார். அன்று அவருடைய வடைகள் வழக்கத்தைவிட வட்டமாக வந்தன.

பின்னேரம் சேந்தன் வந்தான். உடம்பெல்லாம் சேறு.

“தோத்திட்டியளோ?” அருட்பிரகாசம் துக்கக் குரல் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்.

“தோல்விதான். ஆனால் பன்னிரண்டுக்கு ஆறு.”

“நாப்பத்தெட்டு எங்கை போனது?”

திங்கட்கிழமை விளக்கம் கடைக்கே நடந்து வந்தது. பயிற்சியாளர் யூலியன், நெட்டையான, தாடி வைத்த இளைஞர். உள்ளே நுழைந்ததும் அருட்பிரகாசத்தின் மாவுக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“மிஸியே அருள், நீங்கள் எங்களைக் காப்பாற்றிவிட்டீர்கள். என்னுடைய பையன்கள் மாணவர்கள். இரண்டு பாண் துண்டும் ஒரு வாழைப்பழமும் தின்றுவிட்டு வருவார்கள். இரண்டாம் பாதியில் காற்றுக்கே விழுவார்கள். முன்வரிசையில் நிற்கிறவனுக்கு எடை வேண்டும். எடைதான் எல்லாம்!”

உலகத்தில் ஆயிரம் விளையாட்டு இருக்க, மனிதர்கள் தின்று பெருத்தால் முன்னேறுகிற ஒரே விளையாட்டில் தன் பிள்ளை போய்ச் சேர்ந்திருக்கிறான் என்பதை அருட்பிரகாசம் அப்போதுதான் அறிந்தார்.

“அடுத்த சனியும் அனுப்புவீர்கள்தானே?” என்று கேட்டார் யூலியன்.

எங்கள் ஆட்களிடம் யாராவது சாப்பாடு கேட்டால் இல்லை என்று சொல்வதற்கு வாய் இல்லை. கடவுள் அந்த உறுப்பைப் படைக்கவில்லை.

“ஓம், ஓம்,” என்றார் அருட்பிரகாசம். யூலியனுக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்கு அவர் திட்டத்தைத் திருத்தினார். அளவு பிழைத்துவிட்டது, சரி. ஆனால் உறைப்பு இருக்கிறதே! ஊரிலிருந்து மைத்துனி வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. வீட்டு ஆட்களே கறிக்கு நுனிக்கரண்டிதான் போடுவார்கள். அருட்பிரகாசம் மாட்டிறைச்சி றோல்ஸ் சுட்டார். உள்ளே முக்கால் போத்தல் போனது. மகனுக்கு மட்டும் உறைப்பில்லாத பெட்டி ஒன்று தனியாக.

“உதைத் திண்டால் அந்தப் பிள்ளையளுக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டாள் கலாவதி தும்மிக்கொண்டே.

“ஒண்டும் நடவாது. கொஞ்சம் அழுவாங்கள். அழுதுகொண்டு எப்பிடி விளையாடுறது?”

அன்று மாட்ச் முள்ளெலிகளின் சொந்த மைதானத்தில். எதிரணி ரேன் நகரத்திலிருந்து காலை முழுக்கப் பேருந்தில் பயணம் செய்து வந்தது. பேருந்திலிருந்து இறங்கிய பையன்கள் றோல்ஸ் பெட்டிகளை ஆசையோடு பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு இலக்கண சுத்தமான மரியாதை ஒன்று உண்டு. பசியோடு வந்தவன் முன்னால் தனியே தின்ன மாட்டார்கள். முள்ளெலிகள் றோல்ஸ் முழுவதையும் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சேந்தனின் பெட்டியைத் தங்களுக்குள் பங்கிட்டுத் தின்றார்கள்.

ரேன் அணி முதற்பாதியில் இரண்டு தடவை தண்ணீருக்காக விளையாட்டை நிறுத்தியது. அவர்களுடைய பந்தெறிபவன் கண்ணைத் துடைத்த கையால் மறுபடி கண்ணைத் துடைத்தான். அதற்குப் பிறகு பந்தை யாருக்கு எறிகிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

முள்ளெலிகள் வென்றார்கள். வரலாற்றில் முதல் தடவை.

“உங்கடை திட்டம் நல்லா வேலை செய்யுது,” என்றாள் கலாவதி. “இன்னும் ரெண்டு திட்டம் போட்டியள் எண்டால் சாம்பியன்தான்.”

அணியை இனி மூட மாட்டார்கள். போதாக்குறைக்கு, நன்றிக்கடனாக யூலியன் புதிய மேற்சட்டைகளின் முதுகில் ‘அருள் சுவையகம்’ என்று அச்சடித்து, ஒன்றைக் கொண்டுவந்து கடையில் மாட்டிவிட்டும் போனார்.

எதிர்க்கடை யோகநாதன் அதைப் பார்க்கவென்றே வீதியைக் கடந்து வந்தார். யோகநாதன் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர், பழைய மாணவர் சங்கத்துக்கு உபதலைவர், பாட்மின்டன் கழகத்துக்குக் காப்பாளர். பாட்மின்டன் மட்டையை அவர் கையால் தொட்டதில்லை. லா ஷப்பலில் அவர் பெயர் போடாத நோட்டீஸ் ஒட்டப்பட்டால் மழை அதைக் கரைத்துவிடும் என்று சொல்வார்கள். அருட்பிரகாசம் இதுவரை எதற்கும் எதுவாகவும் இருந்ததில்லை.

“அருள் அண்ணை, யுனிவர்சிட்டி அணிக்கு நீங்களோ அனுசரணை? வெள்ளைக்காரப் பெடியள் முதுகிலை உங்கடை பேரோ?”

“ஏதோ எங்களால ஏண்டது,” என்றார் அருட்பிரகாசம். அந்த ஒரு வசனத்தோடு அவர் தனக்குத் தானே கதவைப் பூட்டித் திறப்பை வீதியில் எறிந்துவிட்டார். இனிச் சாப்பாட்டை நிறுத்தினால் யோகநாதன் அதை மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ வரை நடந்து போய்ச் சொல்லுவார்.

சாப்பாட்டை நிறுத்த முடியாது. அணியை மூடவும் முடியாது. மிஞ்சியது ஒன்றுதான். பயிற்சியாளரே சேந்தனைக் கழிக்க வேண்டும்.

அடுத்த தடவை யூலியன் வந்தபோது அருட்பிரகாசம் அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, குரலைத் தாழ்த்தினார். அவருடைய பிரெஞ்சு கடைக்குப் போதுமான பிரெஞ்சு. ஆனால் பிள்ளையைப் பழிக்க அது தாராளமாகப் போதும்.

“மிஸியே யூலியன், என்ரை மகன் சோம்பேறி.”

யூலியன் சிரித்தார்.

“அரிசி மூட்டை தூக்கச் சொன்னால் ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் இருப்பான்.”

யூலியன் இன்னும் சிரித்தார்.

“பயந்தாங்கொள்ளி. பூனைக்கும் பயம். மூளையும் குறைவு. இவனை நம்பி ஒரு அணி நடத்த ஏலாது.”

யூலியன் தேத்தண்ணியை வைத்துவிட்டு அருட்பிரகாசத்தின் தோளில் கை வைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“சேந்தன் எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறான், மிஸியே அருள். உங்கள் ஆட்கள் சொந்தப் பிள்ளையை ஒருபோதும் புகழ மாட்டார்கள், கண்ணூறு பட்டுவிடும் என்று குறைத்துத்தான் சொல்வார்கள் என்று. எவ்வளவு கூடக் குறை சொல்கிறார்களோ அவ்வளவு பெருமைப்படுகிறார்கள் என்று அர்த்தமாம். ஆனால் இப்படி ஒரு பெருமையை நான் வாழ்நாளில் கண்டதில்லை.”

அன்று பின்னேரம் சேந்தனை அணித்தலைவனாக்கினார்.

“இன்னும் நாலு குறை சொல்லியிருந்தால் ஜனாதிபதியாக்கியிருப்பாங்கள்,” என்றாள் கலாவதி.

தலைவன் என்றால் எல்லா ஆட்டமும் விளையாட வேண்டும். தலைவன் என்றால் முதலில் இடி வாங்க வேண்டும். சேந்தனின் முழங்காலுக்குத் துணையாகத் தோள் வந்தது, தோளுக்குத் துணையாக விலா வந்தது. வீட்டு உறைபெட்டியில் தேங்காய்ப்பூ, அவரை, மரவள்ளி எல்லாம் முறை வைத்துப் பிள்ளையின் உடம்பில் ஏறி இறங்கின. அருட்பிரகாசம் இரவில் எழுந்து மகனுடைய கதவடியில் நின்று மூச்சுக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பார். காலையில் முகம் முழுக்கச் சிரிப்பை ஒட்டிக்கொண்டு கேட்பார்:

“எப்பிடி மோனை விளையாட்டு?”

“சுப்பர் அப்பா.” சேந்தனும் சிரிப்பான். “சாப்பாடு எப்பிடிச் சமைக்கிறியள்? கஸ்டமில்லையோ?”

“சீச்சீ! எனக்கு நல்ல விருப்பமடா.”

பனிக்காலத்தில் ஒரு தடவை துணிந்து, கடை அடுப்புப் பழுதாகிவிட்டது, இந்தச் சனி மன்னிக்க வேண்டும் என்று யூலியனுக்குச் செய்தி அனுப்பினார். ஒரு கிழமை இடைவெளி விட்டால் பையன்கள் மறுபடி பாணுக்கும் வாழைப்பழத்துக்கும் திரும்பிவிடுவார்கள், மெலிவார்கள், தோற்பார்கள். வெள்ளிக்கிழமை கார் து நோர் ரயில்நிலையத்திலிருந்து ஒரு கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு முன்னால் டேமியன் என்ற முள்ளெலி. சேந்தனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், பொறியியல் மாணவன், ஒரு குளிர்சாதனப்பெட்டிக்குத் தலை வைத்தது போன்ற உடம்பு. அவன் அடுப்பைப் பார்த்தான். பழுது இல்லாத அடுப்பைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினான். மற்றவர்கள் வெங்காயம் உரித்தார்கள்.

“இப்போது முன்பைவிட நன்றாக எரிகிறது, மிஸியே!” என்றான் டேமியன். உண்மைதான். கறி அரை மணித்தியாலம் முந்தி வெந்தது.

யோகநாதன் எதிர்வாசலில் நின்று, தன்னுடைய எந்தச் சங்கமும் தனக்கு வெங்காயம் உரித்ததில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளெலிகள் வென்றுகொண்டு போனார்கள். இதில் அருட்பிரகாசம் எதிர்பாராத ஒரு நீதி இருந்தது. தோற்கிற அணியைச் சின்ன அணிகள்தான் இடிக்கும். வெல்ல வெல்ல, எதிரே வருகிறவர்கள் பெருத்துக்கொண்டே போனார்கள். வசந்தம் பிறந்தபோது அவர்கள் இறுதிப்போட்டிக்குள் நின்றார்கள். எதிரணி தெற்கிலிருந்து வந்த காட்டெருமைகள். அந்தப் பெயரை வைத்தவன் பொய் சொல்லவில்லை.

அன்று அருட்பிரகாசம் கடையைப் பூட்டினார். சனிக்கிழமை கடை பூட்டியிருந்ததை லா ஷப்பல் முதல் தடவையாகப் பார்த்தது. ஆட்டிறைச்சிப் புரியாணியோடும் கலாவதியோடும் மைதானத்துக்குப் போனார். இவ்வளவு காலமும் அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

யூலியன் ஓடிவந்து அவருக்கு அணியின் நீலக் குளிர்ச்சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். நெஞ்சில் ‘அணி அலுவலர்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

“இனி நீங்கள் பார்வையாளர் இல்லை. எங்களோடு கோட்டருகே நிற்கலாம்.”

அருட்பிரகாசம் உடனே யோகநாதனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் கிடைத்த முதற்பதவி.

கலாவதி கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து மகனின் தலைக்கவசத்தில் பூசினாள். அதைக் கண்ட டேமியன் குனிந்து தன் தலையையும் காட்டினான். அவனுக்குப் பின்னால் மிச்ச முள்ளெலிகளும் வரிசையில் நின்றார்கள். கலாவதி ஒருவரையும் விடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இடிகிற சத்தம் தொலைக்காட்சியில் கேட்பது போல் இருக்கவில்லை. கப்பலில் வந்த மரச்சாமான்களை யாரோ மேல்மாடியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது போல் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அருட்பிரகாசத்தின் கையிலிருந்த அகப்பை ஒரு தடவை துள்ளியது. புரியாணி பரிமாறக் கொண்டுவந்த அகப்பை. கீழே வைக்க அவருக்கு நினைவு வரவில்லை.

“கண்ணைத் திறந்து பாருங்கோ,” என்றாள் கலாவதி.

“நீர் பாத்துச் சொல்லும். எழும்பிட்டானோ?”

“எழும்பிட்டான்.”

“இப்ப?”

“எழும்பிட்டான், எழும்பிட்டான். பொறுங்கோ... இப்ப விழுந்திட்டான்.”

அது கடைசி நிமிடம். காட்டெருமைகள் நான்கு புள்ளி முன்னால். முள்ளெலிகள் எல்லைக்கோட்டுக்கு ஒரு பாய்ச்சல் தூரத்தில். பந்து பின்னால் போனது. முன்வரிசை மோதியது. சேந்தனுக்கு மேல் ஒரு காட்டெருமை விழுந்தது, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இரண்டு. பந்தை வைத்திருந்த பையன் அந்தக் குவியலைச் சுற்றி ஓடிக் கோட்டைத் தாண்டினான். மைதானம் எழுந்து கத்தியது.

அருட்பிரகாசம் அந்தப் பையனைப் பார்க்கவேயில்லை. அதற்கு முன்பே அவர் ஓடத் தொடங்கிவிட்டார்.

“விடுங்கோடா! என்ரை பிள்ளையை விடுங்கோடா!”

நீலக் குளிர்ச்சட்டையும் அகப்பையுமாகக் குவியலுக்குள் புகுந்து, மேலே கிடந்த காட்டெருமையின் காலைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. தலைக்கவசத்தில் அகப்பையால் ஒன்று போட்டார். டொங் என்றது. காட்டெருமை திரும்பிப் பார்த்து, மரியாதையாக, “பொன்ஜூர் மிஸியே,” என்றது.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் கிடந்த சேந்தனும் எழுந்தான். கை, கால், கழுத்து எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

“அப்பா? நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?”

பக்கத்தில் புல்லில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. நடுவருடைய கைக்குட்டை விழுந்துவிட்டது என்று நினைத்த அருட்பிரகாசம், மூச்சு வாங்கிக்கொண்டே அதை எடுத்து, தூசி தட்டி, அவரிடம் கொடுத்தார்.

குற்றம் கண்டால் எறிகிற அந்தத் துணியை நடுவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒலிவாங்கியில் அறிவித்தார். பார்வையாளர் யாராவது உள்ளே ஓடியிருந்தால் அவரைப் பிடித்து வெளியே விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஓடியவர் அணி அலுவலர். நெஞ்சிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே தண்டனை. முள்ளெலிகளின் புள்ளிகள் செல்லாது. நேரமும் முடிந்துவிட்டது.

கிண்ணம் தெற்குக்குப் போனது.

அருட்பிரகாசம் கோட்டருகே புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். கலாவதி வந்து நின்றாள்.

“ஒக்தோபரிலையிருந்து இவங்கள் தோக்கோணும் எண்டு நிண்டனீங்கள். தோற்கடிச்சாச்சு. உங்கடை கையாலையே. சந்தோசமோ?”

அவர் வயிற்றுக்குள் சந்தோசத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. யூலியன் அவரை நோக்கி வந்தபோது கன்னத்தில் அறையத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றார். யூலியன் கட்டிப்பிடித்தார்.

“போன வருடம் எங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை. இந்த வருடம் நாட்டில் இரண்டாமிடம். தன் மகனுக்காக நான்கு காட்டெருமைகளோடு சண்டை போட்ட தகப்பனை நான் என்ன சொல்வது? சாப்பிடலாமா?”

முள்ளெலிகள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காட்டெருமைகளும் வந்தார்கள். அகப்பை அடி வாங்கியவன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். வருகிற வழியில் எத்தனை பேர் சேந்தனின் தோளில் தட்டினார்கள், எத்தனை பேர் பிரெஞ்சில் ‘கப்பித்தேன்’, தலைவா, என்று கூப்பிட்டார்கள் என்று அருட்பிரகாசம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையைத் தான் இங்கேயிருந்து இழுத்தெடுக்கப் பார்த்தது எவ்வளவு பெரிய பாவம்! அவனுக்கு இது உயிர். உயிரில்லாமலா ஒருவன் வருடம் முழுக்க முழங்காலில் தேங்காய்ப்பூவோடு படுப்பான்? தகப்பன் என்றால் பயத்தை விழுங்கத்தான் வேண்டும்.

அவர் விழுங்கினார். பிறகு அகப்பையால் சட்டியில் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

“முள்ளெலிகளே,” என்றார் தன் கடைப் பிரெஞ்சில். “நான் ஒரு முட்டாள். ஆனால் சொல் மாறாத முட்டாள். அடுத்த வருடமும் நான்தான் சமைப்பேன். என் மகன் படித்து முடிக்கிற வரைக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அருள் சுவையகம்தான் சாப்பாடு. இது சத்தியம்!”

மைதானம் அதிர்ந்தது. யூலியன் அழுதார். அரைவாசி அணி அருட்பிரகாசத்தைத் தூக்கி எறிந்து பிடித்தது. கலாவதி கூட, கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

கீழே இறக்கிவிட்டதும் அருட்பிரகாசம் மகனைத் தேடினார். சேந்தன் தூரத்தில், புல்லில் தனியாக, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தான். புரியாணித் தட்டு தொடாமல் பக்கத்தில் கிடந்தது.

பாவம், சந்தோசம் தாங்க முடியவில்லை என்று நினைத்தார் தகப்பன். பக்கத்தில் நின்ற டேமியனிடம் பெருமையோடு கேட்டார்:

“ஏன் அவன் அங்கே தனியாக இருக்கிறான்?”

டேமியன் வாயிலிருந்த ஆட்டெலும்பை எடுத்துவிட்டுச் சொன்னான்:

“அவன் ஒக்தோபரிலேயே விலகப்போகிறேன் என்று உங்களிடம் சொல்லத்தான் வந்தான், மிஸியே, ஆனால் ‘அப்பா முதல் தடவையாக எனக்காகச் சிரித்துக்கொண்டு சமைக்கிறார், அந்த மனதை எப்படி உடைப்பது’ என்று இந்த ஒரு வருடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இடி வாங்கினான்.”